ஓட்டைக் கடிகாரமும் ஒட்டுப் போட்ட பாயும்

சித்திரை பிறந்தால் நமக்குக் கோடை. விசிறியைத் தேடுகிறோம்; மாம்பழத்தை எதிர்பார்க்கிறோம். அதே நாட்களில் அமெரிக்காவின் வடகிழக்குக் கரையிலே வசந்தம் அப்பொழுதுதான் மெல்ல எட்டிப் பார்க்கும். பனிக்காலம் முழுவதும் கரையில் முட்டுக் கொடுத்து, கித்தான் போர்த்தி நிறுத்தி வைத்திருந்த சின்னஞ்சிறு பாய்க் கப்பல்களை அவற்றின் சொந்தக்காரர்கள் வந்து திறப்பார்கள். அடிப்பாகத்தைச் சுரண்டுவார்கள். வர்ணம் பூசுவார்கள். பிறகு ஒரு வாரமோ பத்து நாளோ விடுமுறை எடுத்துக் கொண்டு கடலில் இறங்கி விடுவார்கள்.

புறப்படுவதற்கு முன் தேசப்படத்தை விரித்து வைத்துக் கொண்டு, "இன்று இரவு இந்தத் துறைமுகம், நாளை மாலை அந்தத் தீவு" என்று திட்டம் போடுவதில் ஒரு தனி இன்பம். ஆனால் அந்தத் திட்டம் இரண்டாம் நாளே மாறிவிடும். போக வேண்டிய திசையிலிருந்தே காற்று வீசும். எங்கேயோ ஒழுகும். கயிறு அறும். விடுமுறையில் பாதி, சுத்தியலும் ஊசியுமாகக் கழியும். நம் பெரியவர்கள் "நீர் மேல் எழுத்து" என்று சொன்னார்களே, அது இந்த மாதிரித் திட்டங்களுக்காகவே சொன்னது போல் இருக்கிறது.

இப்படிப் படகெடுத்துப் புறப்படுகிறவர்கள் குருவாகக் கொண்டாடும் மனிதர் ஒருவர் உண்டு. காப்டன் ஜோஷுவா ஸ்லோகம் என்பது அவர் பெயர். தன்னந்தனியாக ஒரு பாய்க் கப்பலில் உலகத்தைச் சுற்றி வந்த முதல் மனிதர் அவர்தான். அவரும் ஒரு வசந்த காலத்தில்தான் புறப்பட்டார். அவர் போட்ட திட்டமும் மாறியது. ஒரு முறை அல்ல, பல முறை. அவரும் வழியெல்லாம் தைத்துக் கொண்டும் தட்டிக் கொண்டுமே போனார்.

வயலில் நின்ற கப்பல்

ஸ்லோகம் 1844-ஆம் வருஷம் கனடாவில் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் பிறந்தவர். தகப்பனார் பூட்ஸ் தைக்கும் தொழிலாளி. தோலும் ஊசியும் பையனுக்குப் பிடிக்கவில்லை. பதினான்கு வயதில் வீட்டை விட்டு ஓடி, மீன்பிடி கப்பல் ஒன்றில் சமையற்காரனாகச் சேர்ந்தான். ஊசிக்குப் பயந்து ஓடிய பையன், பின்னாளில் ஊசியால்தான் உயிர் பிழைத்தான் என்பதை வாசகர்கள் நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

படிப்படியாக உயர்ந்து காப்டன் ஆனார். பெரிய பாய்க் கப்பல்களை நடத்தினார். ஒன்றில் பங்கும் வாங்கினார். பிறகு காலம் மாறியது. நீராவிக் கப்பல்கள் வந்தன. பாய்க் கப்பல் காப்டன்களைக் கேட்பாரில்லை. 1884-இல் மனைவி போனஸ் அயர்ஸ் நகரில் காலமானாள். 1887-இல் அவருடைய சொந்தக் கப்பல் பிரேசில் கரையில் மணல் திட்டில் மோதி அழிந்தது. அதிலிருந்து தப்பியவர் கையைக் கட்டிக் கொண்டு உட்காரவில்லை. 35 அடி நீளத்தில் தாமே ஒரு படகு கட்டினார். பாய்களை அவருடைய இரண்டாவது மனைவி தைத்துக் கொடுத்தாள். பிள்ளைகள் இருவரையும் ஏற்றிக் கொண்டு 1888-இல் 55 நாள் கடலில் ஓட்டி, 5,500 மைல் கடந்து அமெரிக்கா வந்து சேர்ந்தார்! பிரேசிலில் அடிமைத்தனம் ஒழிந்த நாளன்று அந்தப் படகு நீரில் இறங்கியதால் அதற்கு 'விடுதலை' என்று போர்த்துகீஸ் மொழியில் பெயர் வைத்தார்.

ஊர் வந்து சேர்ந்ததும் என்ன கிடைத்தது? வேலையில்லாத் திண்டாட்டம். ஐம்பது வயதை நெருங்கும் காப்டனுக்குக் கப்பல் தருவார் யாருமில்லை.

1892-ஆம் வருஷம் குளிர்காலத்தில் பழைய திமிங்கில வேட்டைக் காப்டன் ஒருவர் அவரைச் சந்தித்தார். "ஃபேர்ஹேவனுக்கு வாருங்கள். உங்களுக்கு ஒரு கப்பல் தருகிறேன். கொஞ்சம் ரிப்பேர் பார்க்க வேண்டியிருக்கும்" என்ற மாதிரி சொன்னார். ஸ்லோகம் ஆவலோடு போனார். போய்ப் பார்த்தால், கடலுக்குத் தூரத்தில் ஒரு வயலிலே, முட்டுக் கொடுத்து, கித்தான் போர்த்து நின்றது ஒரு கிழட்டுப் படகு. 'ஸ்ப்ரே' என்று பெயர். அலை சிதறும் நீர்த் திவலை என்று அர்த்தம். திவலை பட்டு எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது!

ஊரார் அதை உடைத்து விறகாக்கத்தான் போகிறார் என்று நினைத்தார்கள். "இல்லை, புதுப்பிக்கப் போகிறேன்" என்றதும் வாயைப் பிளந்தார்கள். "கட்டுபடியாகுமா?" என்பதுதான் எல்லோரும் கேட்ட ஒரே கேள்வி. எந்த ஊரானாலும் இந்தக் கேள்வி கேட்க நாலு பேர் இருக்கத்தான் இருக்கிறார்கள்.

பக்கத்து மேய்ச்சல் நிலத்தில் நின்ற ஓக் மரத்தை வெட்டினார். ஏராக்கட்டையை மாற்றினார். வங்குகளை ஆவியில் வேக வைத்து வளைத்தார். பலகைக்குப் பலகை மாற்றி, இடுக்குகளில் நார் திணித்து அடைத்தார். பதின்மூன்று மாத உழைப்பு. கைக் காசு 553 டாலர் 62 சென்ட். சென்ட் வரையில் கணக்கெழுதி வைத்திருக்கிறார் மனிதர்! முடிவில் 36 அடி 9 அங்குல நீளமும் 14 அடி 2 அங்குல அகலமும் உள்ள கப்பல் ஒன்று நீரில் அன்னம் போல் மிதந்தது. பழைய கப்பலில் எது மிச்சம் என்று கேட்டால் பெயர்தான் என்று சொல்ல வேண்டும்.

1895-ஆம் வருஷம் ஏப்ரல் 24-ஆம் தேதி, பகல் பன்னிரண்டு மணிக்கு, பாஸ்டன் துறைமுகத்தில் நங்கூரம் தூக்கினார். வயது 51. துணைக்கு ஆள் இல்லை. இன்னொரு விஷயம்: அவருக்கு நீந்தத் தெரியாது.

ஒரு டாலர் கடிகாரம்

கடலில் தீர்க்கரேகை கணிக்க மிகத் துல்லியமான கடிகாரம் வேண்டும். அவரிடம் இருந்த பழைய 'குரோனோமீட்டர்' நின்று போயிருந்தது. அதைச் சுத்தம் செய்து பழுது பார்க்கப் பதினைந்து டாலர் ஆகும் என்றார்கள். "அது வீட்டிலேயே இருக்கட்டும்" என்று விட்டு விட்டார். நோவா ஸ்கோஷியாவில் யார்மத் என்ற ஊரில் தகரக் கடிகாரம் ஒன்றைப் பார்த்தார். விலை ஒன்றரை டாலர். முகப்பு உடைந்திருந்ததால் ஒரு டாலருக்குக் கொடுத்தார்கள். உலகப் பிரயாணத்துக்கு அதுதான் கடிகாரம்!

கரைக்குப் போகவரச் சிறு தோணி வேண்டும். முழுத் தோணி வைக்கக் கப்பலில் இடமில்லை. குளௌஸ்டர் என்ற மீன்பிடி ஊரில் யாரோ கழித்துப் போட்ட தோணியை வாங்கி, குறுக்கே இரண்டாக அறுத்தார். வெட்டின பக்கத்தைப் பலகையால் அடைத்தார். அந்த அரைத் தோணி கரைக்குப் போகும் வாகனம். துணி துவைக்கும் தொட்டி. குளிக்கும் தொட்டியும் அதுவே.

ஜூலை மாதம் 2-ஆம் தேதி யார்மத்தை விட்டு அட்லாண்டிக் சமுத்திரத்தில் புகுந்தார். மூடுபனி சூழ்ந்த போது தனிமை அவரைப் பிடித்து ஆட்டியது. குரல் மங்கிப் போய்விடக் கூடாதே என்று தமக்குத் தாமே உத்தரவு போட்டுக் கொண்டார். பதிலும் சொல்லிக் கொண்டார். பாடினார். கேட்பவர் இல்லாத இடத்தில் பாடுவதில் உள்ள சுகமே தனி!

அஸோர்ஸ் தீவுகளில் ப்ளம் பழங்களும் வெள்ளைப் பாலாடைக் கட்டியும் கிடைத்தன. ஆசைப்பட்டு இரண்டையும் சேர்த்துத் தின்றார். வயிற்று வலி ஆளை மடக்கிப் போட்டது. வெளியே புயல். காபினுக்குள் சுருண்டு கிடந்தவர் மயக்கத்தில் கண் விழித்துப் பார்க்கிறார்: சுக்கானைப் பிடித்துக் கொண்டு நெட்டையான அந்நியன் ஒருவன் நிற்கிறான்! தான் கொலம்பஸின் 'பின்டா' கப்பலின் மாலுமி என்றும், கப்பலை நான் பார்த்துக் கொள்கிறேன் என்றும் அவன் சொன்னானாம். விடிந்து பார்த்தால் கப்பல் வழி தவறாமல் தொண்ணூறு மைல் ஓடியிருந்தது. ஜுர வேகத்தில் கண்ட கனவு என்று நாம் சொல்லிவிடலாம். ஆனால் சுக்கானைக் கட்டி விட்டால் ஸ்ப்ரே தானே நேராகப் போகும் என்ற உண்மை அந்தக் கனவுக்குள் இருக்கிறது. பின்னால் இந்துமகா சமுத்திரத்தில், கோகோஸ் தீவுகளுக்குப் போகும் வழியில், 23 நாளில் 2,700 மைல் ஓடியது. அதில் அவர் சுக்கானைத் தொட்ட நேரம் மொத்தம் மூன்று மணிக்கு மேல் இல்லை!

திட்டம் தலைகீழாகியது

ஆகஸ்டு 4-ஆம் தேதி ஜிப்ரால்டர். அவர் போட்ட திட்டம் இதுதான்: மத்தியதரைக் கடலில் புகுந்து, சூயஸ் கால்வாய் வழியாகச் செங்கடல் இறங்கி, கிழக்கு முகமாக உலகத்தைச் சுற்றுவது. ஜிப்ரால்டரில் இருந்த பிரிட்டிஷ் கடற்படை அதிகாரிகள் அவரை உபசரித்தார்கள். பாய்களைச் செப்பனிட்டும் கொடுத்தார்கள். ஆனால் அந்தத் திட்டத்தைக் கேட்டதும் தலையை ஆட்டினார்கள். இரு கரையிலும் கொள்ளைக்காரர்கள் திரிகிறார்கள், தனி மனிதன் தப்ப முடியாது என்று எச்சரித்தார்கள்.

நீங்களும் நானுமாக இருந்தால் என்ன செய்திருப்போம்? ஒன்று, பிடிவாதமாகப் போயிருப்போம். அல்லது ஊர் திரும்பியிருப்போம். ஸ்லோகம் இரண்டும் செய்யவில்லை. கப்பலின் முகத்தைத் திருப்பினார். கிழக்கே சுற்ற வந்தவர், மேற்கே சுற்றுவதென்று முடிவு செய்து, கடந்து வந்த அதே அட்லாண்டிக்கை இன்னொரு முறை கடக்கப் புறப்பட்டார்! மூவாயிரம் மைல் வீண் என்று அவர் அழுததாகத் தெரியவில்லை.

வேடிக்கை என்னவென்றால், எந்தக் கொள்ளையருக்குப் பயந்து திரும்பினாரோ, அவர்கள் மொராக்கோ கரையருகே எதிரே வந்தார்கள். பெரிய பாயுடன் ஒரு கப்பல் துரத்தியது. நெருங்கி நெருங்கி வந்தது. அந்தச் சமயத்தில் ஓர் அசுரக் காற்றும் பேரலையும் தாக்கின. ஸ்ப்ரேயின் பாயை அடியில் விரித்துப் பிடிக்கும் நீண்ட கட்டை சடாரென்று முறிந்தது. 'தீர்ந்தோம்' என்று துப்பாக்கியை எடுத்துக் கொண்டு மேலே ஓடி வந்து பார்த்தால், துரத்தி வந்த கப்பலின் பாய்மரமே சாய்ந்து கிடக்கிறது! அதே அலை இரண்டு பேருக்கும் தீர்ப்புச் சொல்லியிருந்தது. அன்று இரவு தளத்தில் வந்து விழுந்த பறவை மீனைப் பொரித்துச் சாப்பிட்டார்.

பெர்னாம்புகோ துறைமுகம் சேர நாற்பது நாள் ஆயிற்று. அங்கே முறிந்த பகுதியை அறுத்துத் தள்ளிவிட்டு, நாலடி குறைந்த கட்டையையே மறுபடி பொருத்திக் கொண்டார். புதுக்கட்டை வாங்கவில்லை. இந்த மனிதரிடம் எதுவும் உடைந்து போவதில்லை. குட்டையாகிப் போகும், அவ்வளவுதான். போனஸ் அயர்ஸில் பாய்மரத்தையே ஏழடி வெட்டிக் குறைத்தார். தெற்கே காத்திருக்கும் காற்றுக்கு அத்தனை உயரம் ஆகாது என்று அவருக்குத் தெரியும்.

அதற்கு முன் உருகுவே நாட்டுக் கரையில் ஓர் ஆபத்து. நிலா வெளிச்சத்தில் மணற்குன்றுகளை அலையென்று எண்ணிக் கரைக்கு மிக நெருங்கி ஓட்டிவிட்டார். கப்பல் தரை தட்டியது. நங்கூரத்தை ஆழத்தில் கொண்டு போய்ப் போட்டு இழுக்கலாம் என்று அரைத் தோணியில் ஏற்றிப் போனார். தோணி கவிழ்ந்தது. அதன் விளிம்பைப் பற்றிக் கொண்டு தொங்கும் போதுதான், தமக்கு நீந்தத் தெரியாது என்பது ஞாபகம் வந்ததாம்! மறுபடி மறுபடி நிமிர்த்திப் பார்த்து, ஒரு வழியாகக் கரை ஏறினார். களைத்துப் போய்ப் படுத்திருக்கையில் குதிரையில் வந்த சிறுவன் ஒருவன், ஆளில்லாத கப்பல் என்று நினைத்துச் சுருக்குக் கயிறு போட்டு ஸ்ப்ரேயை வீட்டுக்கு இழுத்துப் போகப் பார்த்தான். பதின்மூன்று டன் கப்பலை!

ஆணி மூட்டை

தென் அமெரிக்காவின் கோடியில் மெகல்லன் ஜலசந்தி இருக்கிறது. இரு புறமும் பனிமலை. மலைச் சரிவிலிருந்து திடீர் திடீரென்று பாய்ந்து இறங்கும் காற்று, பாய் கட்டாத கப்பலையே சாய்த்துவிடும். 1896-ஆம் வருஷம் பிப்ரவரியில் அங்கே நுழைந்தார். புந்தா அரேனாஸ் என்ற ஊரில் ஆஸ்திரியாக்காரர் ஒருவர் அவருக்குப் பரிசாக ஒரு பை நிறையக் கம்பளம் அடிக்கும் சிற்றாணிகளைக் கொடுத்தார். "எனக்குக் கம்பளமும் இல்லை, ஆணி எதற்கு?" என்று ஸ்லோகம் விழித்தார். "இரவில் தளத்தில் தூவி வையுங்கள், நீங்கள் மிதித்து விடாதீர்கள்" என்பதே உபதேசம். ஜலசந்தியில் படகுகளில் திரியும் பழங்குடிகள் இரவில் வந்து ஏறுவார்கள் என்று பயம்.

வழியில் ஒரு கூட்டம் அவரை நெருங்கிய போது அவர் செய்த தந்திரம் நாடகக் கொட்டகைக்கு ஏற்றது. காபினுக்குள் நுழைந்து, உள்ளேயே முன்பக்கம் போய், சட்டையை மாற்றிக் கொண்டு வேறொரு வாயிலால் வெளியே வந்தார். பார்த்தவர்களுக்கு இரண்டு பேர். ஒரு மரக்கட்டைக்கு மாலுமி உடை உடுத்தி முன்னால் நிறுத்தி, கயிறு கட்டி அசைத்தார். மூன்று பேர்! ஏகாங்கியாக வந்தவர் ஒரு நிமிஷத்தில் குடும்பஸ்தர் ஆகிவிட்டார்.

ஒரு வார்த்தை இங்கே சொல்லியாக வேண்டும். ஸ்லோகம் அந்த மக்களைக் 'காட்டுமிராண்டிகள்' என்றே எழுதுகிறார். ஆனால் அந்த வருஷங்களில் அவர்களுடைய நிலத்தில் ஆட்டுப் பண்ணை வைத்த வெள்ளையர்கள் அவர்களை வேட்டையாடிக் கொண்டிருந்தார்கள் என்பது சரித்திரம். யார் யாருக்குப் பயப்பட வேண்டியவர் என்பதை அவர் புத்தகத்தை மட்டும் படித்துத் தீர்மானிக்க முடியாது.

பால் வீதி

மார்ச் 3-ஆம் தேதி ஜலசந்தியைக் கடந்து பசிபிக் சமுத்திரத்தில் தலை நீட்டினார். 'வந்துவிட்டோம்' என்று நினைத்த மறுநாளே வடமேற்கிலிருந்து புயல். முன்னே போக முடியவில்லை. திரும்பி ஜலசந்திக்குள் நுழையவும் முடியவில்லை. பெரிய பாய் கிழிந்து கந்தலாயிற்று. பின்னால் நீண்ட கயிறுகளை இழுத்து வரும்படி விட்டு, அலையின் வேகத்துக்குத் தடை போட்டுக் கொண்டு, தெற்கே கேப் ஹார்ன் முனையை நோக்கி நாலு நாள் அடித்துச் செல்லப்பட்டார். திட்டம் இன்னொரு தடவை கலைந்தது. 'சரி, கிழக்கே ஃபாக்லாந்து தீவுகளுக்குப் போய்ச் செப்பனிட்டுக் கொள்ளலாம்' என்று மனசைத் தேற்றிக் கொண்டார்.

அந்த வேளையில் மேகம் விலகி ஒரு மலை தெரிந்தது. ஏதோ நுழைவாயில் இருக்கிறது என்று எண்ணிக் கப்பலைத் திருப்பினார். இருட்டியது. எதிரே அலை பாறையில் மோதும் ஓசை. விலகினார். அந்தப் பக்கமும் அதே ஓசை. மறுபடி விலகினார். எங்கு திரும்பினாலும் வெள்ளை நுரை. கல் மாரி முகத்தைக் கிழித்து இரத்தம் வழிந்தது. இரவு முழுவதும் பாறைகளுக்கு நடுவே இப்படி அப்படி என்று திருப்பித் திருப்பியே உயிரைப் பிடித்துக் கொண்டிருந்தார்.

விடிந்ததும்தான் இருந்த இடம் தெரிந்தது. 'பால் வீதி' என்று மாலுமிகள் பெயரிட்ட கடற்பரப்பு அது. ஆயிரக்கணக்கான பாறைகளில் அலை உடைந்து கடலே பாலாகக் கொதிக்கும் இடம். பல வருஷங்களுக்கு முன் 'பீகிள்' கப்பலில் அந்தப் பக்கம் போன சார்லஸ் டார்வின், தூரத்திலிருந்து பார்த்தே மிரண்டு போய் எழுதி வைத்திருக்கிறார். பகலிலே கண்டவரே அப்படியென்றால், இரவிலே நடுவில் அகப்பட்டவர் கதி என்ன? தம் வாழ்க்கையில் கண்ட கடற் சோதனைகளில் இதுவே மிகப் பெரியது என்கிறார் ஸ்லோகம்.

தப்பி ஒரு தீவின் மறைவில் நங்கூரம் போட்ட பிறகு படத்தைப் பார்த்தார். காக்பர்ன் கால்வாய்! அந்த வழியே போனால் மறுபடி மெகல்லன் ஜலசந்திதான். அவ்வளவு பாடுபட்டும் பரமபத சோபானத்தில் பாம்பு கடித்த காயைப் போல, தாண்டிய கட்டத்துக்கே திரும்பி வந்திருந்தார்.

அன்றைக்கு ஆணி மூட்டையை அவிழ்த்து, முனை மேலே நிற்கும்படி தளமெங்கும் தூவிவிட்டுக் கண்ணயர்ந்தார். நள்ளிரவில் ஓலம்! வெறுங்காலோடு ஏறிய கூட்டம் ஆணியை மிதித்து அலறிக் கொண்டு கடலிலும் படகிலுமாகக் குதித்து மறைந்தது. காபினிலிருந்து எழுந்து வந்து துப்பாக்கியைச் சில தடவை வெடித்துவிட்டு, திரும்பப் போய்ப் படுத்துக் கொண்டார்.

ஊசியும் நூலும்

உலகம் சுற்றிய கதைகளில் புயலைச் சொல்வார்கள், கொள்ளையரைச் சொல்வார்கள். புயலுக்கு மறுநாளைச் சொல்வதில்லை. எனக்கோ, ஸ்லோகத்தின் கதையில் மறக்க முடியாத இடம் அந்த மறுநாட்கள்தான்.

கந்தலான பாயை மடியில் போட்டுக் கொண்டு உட்கார்ந்திருக்கிறார். பாய் தைக்கும் தடித்த ஊசி. மெழுகு பூசிய நூல். உள்ளங்கையில் தோல் கவசம், ஊசியைத் தள்ளுவதற்கு. கித்தான் இரும்பு போல் விறைத்திருக்கும்; குளிரிலே விரல் மரத்துப் போகும். சுற்றிலும் பனிமலை, ஆள் அரவம் இல்லை. இந்தப் பாய் தேறாவிட்டால் பசிபிக் சமுத்திரம் இல்லை, ஊரும் இல்லை. பூட்ஸ் தைக்க மாட்டேன் என்று ஓடிய பையன் ஐம்பத்திரண்டாவது வயதில், உலகத்தின் கோடியில், தையல் போட்டுக் கொண்டிருக்கிறார். காற்று குறையும் போது கொஞ்ச தூரம் முன்னேறுவார், எதிர்க் காற்று அடித்தால் ஏதாவது ஒரு குடாவில் ஒதுங்குவார், மறுபடி தைப்பார்.

வழியில் உடைந்த கப்பலிலிருந்து கரை ஒதுங்கிய கொழுப்புப் பீப்பாய்கள் கண்ணில் பட்டன. விடுவாரா? ஒவ்வொன்றாக உருட்டி, கப்பி போட்டுத் தூக்கி ஏற்றிக் கொண்டார். போர்ட் அங்கோஸ்டோ என்ற குடாவில் கப்பலின் பின்புறத்தில் சின்னதாக இரண்டாவது பாய்மரம் ஒன்று நட்டார். இது தற்காலிக ஏற்பாடுதான் என்றார். கடைசி வரையில் அது நின்றது.

அங்கிருந்தும் பலமுறை புறப்பட்டுப் பலமுறை திருப்பி அடிக்கப்பட்டார். கடைசியில் ஏப்ரல் 13-ஆம் தேதி, ஒட்டுப் போட்ட பாயுடன் ஸ்ப்ரே பசிபிக் சமுத்திரத்தில் நுழைந்தது. முதல் தடவை தலை நீட்டியதற்கும் இதற்கும் ஆறு வாரம். பாஸ்டனை விட்டு ஒரு வருஷம் ஆகப் பதினொரு நாளே பாக்கி. அடுத்த வசந்தம் வந்துவிட்டது!

பொறுமைக்குப் பலன் சீக்கிரமே கிடைத்தது. ஏப்ரல் 26-இல் ஹுவான் ஃபெர்னாண்டஸ் தீவு. பார்க்க வந்த தீவுவாசிகளுக்குக் காப்பியும், அந்தக் கொழுப்பில் பொரித்த இனிப்பு வடை போன்ற பண்டமும் கொடுத்தார். ருசி பிடித்துவிட்டது. செய்முறையும் சொல்லிக் கொடுத்தார். பிறகென்ன, பீப்பாய் பீப்பாயாகக் கொழுப்பு விற்பனை! முங்கிப் போன கப்பலிலிருந்து எடுத்த பழைய நாணயங்களைக் கூட விலையாகக் கொடுத்தார்களாம்.

அதற்குப் பிறகு கடல் சாந்தமாயிற்று. எழுபத்திரண்டு நாள் தொடர்ந்து ஓடி ஜூலை 16-இல் ஸமோவா. 'புதையல் தீவு' எழுதிய ஸ்டீவன்ஸனின் மனைவி அங்கே அவரை வரவேற்று, காலஞ்சென்ற கணவர் வைத்திருந்த கடல் வழிகாட்டிப் புத்தகங்களைப் பரிசளித்தாள். மெல்போர்னில் துறைமுக வரி கேட்டார்கள். கப்பலைப் பார்க்க வந்தவர்களிடம் தலைக்கு ஆறு பென்ஸ் வாங்கி அதைக் கட்டினார். தகரக் கடிகாரத்துக்கு நிமிஷ முள் உதிர்ந்து போயிற்று. ஓடவும் மறுத்தது. அதைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்தார். மறுபடி ஓடியது! நமது வீட்டுக் கடிகாரத்தில் வாசகர்கள் இதைப் பரீட்சிக்க வேண்டாம்.

தென்னாப்பிரிக்காவில் அதிபர் க்ரூகரைச் சந்தித்தார். அவருக்கு உலகம் தட்டை என்று நம்பிக்கை. உலகத்தைச் சுற்றி வருகிறார் என்று சொன்னதை அவர் ஒப்புக் கொள்ளவே இல்லை. ஸெயின்ட் ஹெலினா தீவில் ஒருவர் ஆடு ஒன்றைப் பிரியமாகக் கொடுத்தார். அது அவிழ்த்துக் கொண்டு மேற்கிந்தியத் தீவுகளின் கடற்படத்தைத் தின்று தீர்த்தது. புயலுக்கும் கொள்ளையருக்கும் தப்பிய படம் ஆட்டின் வயிற்றுக்குத் தப்பவில்லை! அடுத்த தீவிலேயே ஆட்டை இறக்கி விட்டுவிட்டு, அந்தப் பகுதியைப் படமில்லாமலேயே கடந்தார்.

தேவதாருக் கட்டை

1898-ஆம் வருஷம் ஜூன் 27-ஆம் தேதி, இரவு ஒரு மணி. அமெரிக்காவுக்கும் ஸ்பெயினுக்கும் சண்டை நடந்து கொண்டிருந்த சமயம். துறைமுக வாசலில் கண்ணிவெடிகள். அவற்றுக்கெல்லாம் விலகி, கரை ஓரமாகவே வழுக்கிக் கொண்டு நியூபோர்ட்டில் வந்து நங்கூரம் போட்டார். மூன்று வருஷம், இரண்டு மாதம், 46,000 மைல். சண்டைச் செய்தியில் மூழ்கியிருந்த ஊரில் முதலில் யாரும் அவரை அதிகமாகக் கவனிக்கவில்லை.

1900-இல் அவர் எழுதிய பிரயாணப் புத்தகம் வெளிவந்து புகழ் தந்தது. கொஞ்சம் நிலம் வாங்கி விவசாயம் கூடச் செய்து பார்த்தார். மனம் தரையில் நிற்கவில்லை. குளிர்காலம் வந்தால் மேற்கிந்தியத் தீவுகளுக்கு ஸ்ப்ரேயை ஓட்டிக் கொண்டு போவார், வசந்தத்தில் திரும்புவார். 1909-இல் அப்படித் தனியாகப் புறப்பட்டவர் திரும்பவில்லை. கப்பலும் கிடைக்கவில்லை, ஆளும் கிடைக்கவில்லை. 1924-இல் நீதிமன்றம் அவர் இறந்துவிட்டதாகத் தீர்மானித்தது.

ஆனால் நியூபோர்ட்டில் வந்து இறங்கினாரே, அந்த நாட்களில் அவர் செய்த காரியம் ஒன்று பாக்கி இருக்கிறது. அங்கே கப்பலை விட்டுவிட்டு ரயிலேறி வீட்டுக்குப் போயிருக்கலாம். ஸ்ப்ரேக்கு அது போதவில்லை என்று அவருக்குத் தோன்றியது. ஜூலை 3-ஆம் தேதி நல்ல காற்றில் ஃபேர்ஹேவனுக்கு ஓட்டினார். வயலில் கிடந்த கிழட்டுப் படகைப் புதுப்பித்து முதன் முதலில் நீரில் தள்ளிய போது, ஓடிப் போகாமல் கட்டி வைக்க ஆற்றங்கரையில் ஒரு தேவதாருக் கட்டை அடித்திருந்தார்கள். அது அப்படியே இருந்தது. கயிற்றை எடுத்து அந்தக் கட்டையிலேயே கட்டினார்.